ஒரே ரிமோட், நான்கு பிளேயர்கள்

கண்காட்சி அரங்கில் நான்கு திரை, ஒரே மாடல் டிவிடி பிளேயர் நான்கு, எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட். பொத்தானை அமுக்கினால் மூன்று ஓடும், ஒன்று சும்மா இருக்கும். மறுபடி அமுக்கினால் அது ஓடும். மற்ற மூன்றும் நின்றுவிடும்.

ரிமோட்டின் எல்இடி 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை விட்டுவிட்டு அடிக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அதில் இந்தத் துடிப்பு இல்லாததால் பிளேயர் அதைக் கட்டளையாக எடுக்காது. கட்டளையை அனுப்பும் முறைகளில் பரவலான என்இசி (NEC) முறையில் முதலில் 9 மில்லிவிநாடிக்கு இந்தத் துடிப்பு, 4.5 மில்லிவிநாடி மௌனம். பிறகு எந்தக் கருவிக்கு என்று சொல்லும் முகவரி 8 பிட், அதன் தலைகீழ் (0-க்கு 1, 1-க்கு 0) 8 பிட், கட்டளையும் அதேபோல். மொத்தம் 67.5 மில்லிவிநாடி. தலைகீழ்ப் பிரதி பொருந்தாவிட்டால் பிளேயர் அந்தக் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டு ரிமோட்டை ஒன்றாக அமுக்கினால் பெரும்பாலும் எதுவும் நடக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ரிமோட்டின் ஒளி எல்லாப் பிளேயருக்கும் எட்டாமல் போகலாம், பல ரிமோட் என்றால் மோதிக்கொள்ளும். ஆகவே ஒரே மூலத்திலிருந்து நான்கு எல்இடிகளைக் கம்பியில் இழுத்து, ஒவ்வொரு பிளேயரின் சென்சார் மீதும் ஒன்றை ஒட்டிக் கறுப்பு டேப் சுற்றுவதே நம்பகமான வழி. கட்டளையை அனுப்பும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான ஆர்டுயினோவின் ஒரு பின் (pin) நான்கையும் நேரடியாகத் தாங்காது. இடையில் 2என்2222 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 470 ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி 150 ஓம். ஒன்றுக்குச் சுமார் 23 மில்லிஆம்பியர் கிடைக்கும். நான்குக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைத்தால் வோல்டேஜ் குறைந்த எல்இடி கரண்டை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும். சென்சார் திணறினால் எல்இடியை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்: மிகையான ஒளியில் பிட்டுகள் நீண்டுவிடும்.

பலர் செய்யும் தவறு, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஐசியின் அவுட்புட்டை அப்படியே எல்இடிக்குக் கொடுப்பது. அந்த ஐசி 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை ஏற்கெனவே நீக்கிவிட்டது. போதாததற்கு அவுட்புட் தலைகீழாகவும் வரும். துடிப்பை மறுபடி ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

கட்டளை நான்கையும் ஒன்றாகச் சேர்ந்தாலும் பாதிப் பிரச்சினை மிச்சம். பவர் பொத்தான் பெரும்பாலும் நிலையைப் புரட்டும் பொத்தான்: ஓய்வில் இருப்பது எழும், எழுந்திருப்பது ஓயும். பிளேவும் பாஸும் ஒரே பொத்தானில் இருந்தால் அதே கதி. எனவே நிலை எதுவானாலும் ஒரே பலன் தரும் கட்டளைகளைத் தேடுங்கள். ஸ்டாப்பை இருமுறை அனுப்பினால் பல பிளேயர்கள் விட்ட இடத்தின் நினைவையும் அழித்துவிடும். பிறகு பிளே, படம் தெரிந்ததும் பாஸ். டிஸ்க் சுழன்று படிக்கும் நேரம் பிளேயருக்குப் பிளேயர் மாறும். நான்கும் பாஸில் நிற்கும்வரை காத்திருந்து மீண்டும் பிளே. ஒவ்வொன்றாக அனுப்பினால் 108 மில்லிவிநாடி இடைவெளி விழும். இந்தக் கடைசிக் கட்டளையையாவது நான்குக்கும் ஒரே கணத்தில் கொடுங்கள்.

அப்படியும் விலகும். பிளேயர்களின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.18 விநாடி, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் நாலரை ஃபிரேம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, காதுக்கு எதிரொலியாகக் கேட்கும். ஒலியை ஒரே பிளேயரிலிருந்து எடுத்து, படம் முடியும்போதெல்லாம் மேற்சொன்ன வரிசையை மறுபடி அனுப்புங்கள்.