சீபாப் இயந்திரத்தை அலுமாரிக்கு மேலே ஏற்றுவதற்கு முன் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்குச் சீபாப் (CPAP) இயந்திரம் தேவை என்று சொன்னதும் பல குடும்பங்கள் முதலில் கேட்பது, "ஒட்சிசன் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டதா, டொக்டர்?" என்றுதான். கோவிட் காலத்தில் மாஸ்க்கும் குழாயுமாகக் கிடந்தவர்களைப் பார்த்த கண்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அந்தப் பயத்தைத் தீர்க்காமல் இயந்திரத்தைக் கையில் கொடுத்தால், சில வாரங்களில் அது அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படித் தூசி படிந்து கிடக்கும் இயந்திரங்கள் உண்டு. நகையை அடகு வைத்து வாங்கியவையும் அவற்றில் இருக்கின்றன. எனக்கு மனம் பொறுக்காத விடயம் இது.

இது ஒட்சிசன் அல்ல. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை பதறி எழுப்ப, பெருங்குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. இத்தகைய தடைகள் மணித்தியாலத்துக்கு 30ஐத் தாண்டினால் அது கடும் நிலை. பகலில் தூங்கி வழிவதும், எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் இறங்காமல் நிற்பதும் இதனால் நேரலாம். சீபாப் அறையிலுள்ள காற்றையே வடிகட்டி, மெல்லிய அழுத்தத்தோடு செலுத்துகிறது. அந்தக் காற்று தொண்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளிடம் இது பலன் தருவதை வெளியிட்டார்கள். அதுவரை கடும் நிலையில் இருந்தவர்களுக்கு மூச்சுவிடக் கழுத்தில் துளையிடுவதுதான் வழியாக இருந்தது. கடைசிக் கட்டம் என்று அஞ்சுபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: கழுத்தில் துளையிடாமல் காப்பாற்ற வந்த கருவி இது.

முதல் இரண்டு வாரங்களில் பழகிக்கொள்பவர்களே பெரும்பாலும் தொடர்ந்து பாவிக்கிறார்கள். "எனக்கு ஒத்துவரவில்லை" என்பவரிடம் எது ஒத்துவரவில்லை என்று துருவிக் கேட்டால், மாஸ்க் அளவு பிழையாக இருக்கும். அல்லது வாய் காய்ந்திருக்கும், மூக்கு அடைத்திருக்கும். சரிசெய்யக்கூடிய சிறு காரணங்கள்தான்.

படுவான்கரையிலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு மூக்கின் மேட்டில் தோல் சிவந்து உரிந்திருந்தது. காற்று கண்ணுக்குள் அடிக்கிறது, அதனால்தான் இரவில் கழற்றி எறிகிறார் என்று மனைவி சொன்னார். காற்று கசிந்தபோதெல்லாம் பட்டியை இன்னும் ஒரு பிடி இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு மடிந்து கசிவு கூடியிருக்கிறது. அவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். இருந்தபடி மாஸ்க்கைப் பொருத்துவதில் பயனில்லை. படுத்ததும் கன்னமும் தாடையும் இடம் மாறும். இயந்திரத்தை ஓடவிட்டு, நான்கு பட்டிகளையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி, விளிம்பில் காற்று நிறைந்ததும் மெல்லப் படியவிட்டோம். பிறகு இரு பக்கமும் சமமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பட்டியை இழுத்தோம். சீறல் நின்றது. "இவ்வளவுதானா, டொக்டர்?" என்றார். ஆம் ஐயா, பல வேளைகளில் இவ்வளவுதான்.

வாய் திறந்து உறங்குபவருக்கு மூக்கு மாஸ்க் மட்டும் போதாது. வாயையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம். மூக்கடைப்புக்குப் படுக்குமுன் சலைன் ஸ்பிரே உதவும். மூச்சு முட்டுவது போன்ற பதற்றம் இருந்தால், பகலில் தொலைக்காட்சி பார்த்தபடி அரை மணித்தியாலம் போட்டுப் பழகுங்கள். அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதியும் இயந்திரத்தில் இருக்கிறது. வயிறு ஊதினால் எங்களிடம் சொல்லுங்கள். அழுத்தத்தை நீங்களே மாற்ற வேண்டாம்.

நள்ளிரவு தாண்டியதும் கழற்றிவிட்டு, "நான்கு மணித்தியாலம் போட்டேனே" என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. அது நோயாளி இயந்திரத்தைப் பாவிக்கிறாரா என்று பார்க்கும் கணக்குக்காக வைக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவு. கனவு காணும் உறக்கம் விடியும் பக்கமாகத்தான் கூடுதலாக வரும். அப்போது தசைகள் இன்னும் தளர்ந்து, மூச்சுத் தடையும் பலருக்கு மோசமாகும். கழற்றி வைப்பது அந்த நேரத்தில்தான் என்றால் என்ன பயன்? இரவெல்லாம் கடலில் நின்று பகலில் உறங்கும் மீனவருக்குப் பகல்தான் இரவு. நோன்பு காலத்தில் சஹர் முடித்து மீண்டும் படுப்பவரும், சோற்றுக்குப் பிறகு கண்ணயர்பவரும் மாஸ்க் போட்டுத்தான் உறங்க வேண்டும்.

கரண்ட் போனால் மூச்சடைத்துச் செத்துவிடுவேனா என்ற கேள்வி எங்கள் பகுதியில் நியாயமானது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். மாரிக் காற்றிலும் அடிக்கடி நிற்கிறது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் சிறு துளைகள் இருக்கின்றன. வாயையும் மூடும் மாஸ்க்கில் அழுத்தம் நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வும் உண்டு. அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். இயந்திரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள். பட்டரி வாங்குவதாக இருந்தால் இயந்திரம் விற்றவரிடமே பொருத்தமானதைக் கேளுங்கள்; காற்றுக்கு ஈரம் சேர்க்கும் நீர்த்தொட்டியான ஈரப்பதனூட்டியின் சூட்டை நிறுத்தினால் பட்டரி அதிக நேரம் தாங்கும்.

ஈரப்பதனூட்டிக்குள் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். வாவிக்கரை, கடற்கரைக் கிணறுகளின் உப்பு உள்ளே வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த நீரைப் பார்மசியில் கேளுங்கள். பெற்றோல் செட்டில் விற்கும் பட்டரித் தண்ணீர் சுவாசத் தேவைக்குத் தயாரிக்கப்பட்டதல்ல. மாஸ்க்கைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தால் விளிம்பு வழுக்கும், சிலிக்கனும் கெடும். படுக்குமுன் முகம் கழுவிவிடுங்கள். வயற்கரையில் இருப்பவர்கள் பெரும்போக அறுவடைக் காலத்தில் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள்; வைக்கோல் தூசியில் விரைவாக நிறம் மாறிவிடும்.

மத்திய கிழக்கில் இருக்கும் உறவினர் தாம் பாவித்த இயந்திரத்தை அனுப்பிவைப்பதும் நடக்கிறது. அன்பு புரிகிறது. ஆனால் அதிலுள்ள அழுத்தம் அவருடைய தொண்டைக்கு வைத்தது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதையக்கூடும் என்று பல சீபாப் வகைகளைத் திரும்பப் பெற்றது. ஆகவே பழைய இயந்திரத்தின் வகையையும் இலக்கத்தையும் பரிசோதித்து, உங்களுக்கான அழுத்தத்தை வைத்த பிறகே பாவிக்க வேண்டும்.

இரவில் கொழும்புக்கு வான், லொறி ஓட்டுபவர்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். உறக்கம் சொக்குகிறதென்றால், ஏற்றியிருப்பது யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். சத்திரசிகிச்சைக்காக விடுதியில் சேர்பவர்கள் கிளினிக் கொப்பியோடு இயந்திரத்தையும் மாஸ்க்கையும் எடுத்துச் செல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருப்பதை மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.