கறுப்புப் பின்னணியும் ஒரு கண்ணாடித் துண்டும்

1975 நவம்பர் 10. லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீயில் ஒரு ஸ்டுடியோ. சுற்றுப்பயணத்துக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த குயீன் இசைக்குழு அங்கேயே 'பொஹீமியன் ராப்சடி' பாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்தது. இயக்கியவர் புரூஸ் கவர்ஸ். படப்பிடிப்பு சுமார் நான்கு மணி நேரம், செலவு சுமார் 4,500 பவுண்டு.

பாட்டு கிட்டத்தட்ட ஆறு நிமிடம். நடுவில் வரும் ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாணிப் பகுதியில், மூன்று பேர் திரும்பத் திரும்பப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த குரல்கள் ஒரு பெருங்கூட்டமே பாடுவதுபோல ஒலிக்கும். டிவி அரங்கில் குழுவின் நான்கு பேரும் நின்று அதற்கு வாயசைத்தால் எடுபடாது. ஊர் ஊராகப் போகும் நேரத்தில் அரங்குக்கு வருவதும் சிரமம். சரி, டிவிக்கு வீடியோ டேப்பை அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். வீடியோவில் அந்த நொடியே மானிட்டரில் தெரிந்துவிடும். இதில் உள்ள தந்திரக் காட்சிகள் எல்லாமே படப்பிடிப்பின்போதே செய்யப்பட்டவை.

முதலில், ஒரே முகம் தேன்கூடுபோலப் பல முகங்களாகும் காட்சி. கேமராவின் முன்னால் பல பட்டைகள் தீட்டிய, ஒளி ஊடுருவும் ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால், முகத்திலிருந்து வரும் ஒளியை ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்கு வளைக்கிறது. எத்தனை பட்டையோ அத்தனை முகம். ஆனால் வரும் ஒளியைப் பட்டைகள் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு முகமும் கொஞ்சம் மங்கலாகத்தான் விழும். பின்னால் வெளிறிய சுவர் இருந்திருந்தால் அதன் பிம்பமும் எல்லா முகங்களின்மேலும் படிந்து சாம்பல் பூசியிருக்கும். கறுப்பிலிருந்து ஒளி வராது. அதனால் எத்தனை முறை மேலே படிந்தாலும் எதையும் கெடுக்காது. இந்த வீடியோவின் உண்மையான நாயகன் அந்தக் கறுப்புதான் என்பேன்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 'மாக்னிஃபிக்கோ' என்ற சொல் வரும்போது குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியின் முகம் வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போய்த் தேயும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் கீச்சென்று ஊளையிடும் அல்லவா? அதையே ஒளியில் செய்தார்கள். கேமரா ஒரு மானிட்டரைப் பார்க்கிறது. மானிட்டர் அதே கேமராவின் படத்தைக் காட்டுகிறது. உள்ளே நுழைந்த முகம் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்காகச் சிறுத்தால், பத்தாவது சுற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்.

சலூனில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளிலும் இப்படி வரிசை தெரியும். ஆனால் அங்கே எல்லாப் பிம்பமும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் விழுபவை. இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விநாடியின் சிறு துண்டு செலவாகிறது. அதாவது தூரத்தில் தெரியும் சின்ன முகம் சற்று முந்தைய முகம். அதனால்தான் வாய் திறப்பதுகூட வால்போல நீண்டு தெரிகிறது.

எல்லாம் ஒளியின் அளவில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஒளி குறைந்தால் முகங்கள் அழகாகத் தேய்ந்து மறையும். மானிட்டரின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, போவதைவிட வருவது அதிகமானால் திரை முழுக்க வெள்ளையாகிவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செல்போன் கேமரா காட்டுவதை டிவியில் வரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, போனை டிவி பக்கம் திருப்புங்கள். நடுவில் கையை நீட்டினால் கைகளின் ஊர்வலம் ஒன்று தெரியும். அப்புறம் போனைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஊர்வலம் சுருண்டு நத்தை ஓடுபோல ஆகிவிடும்.