மொட்டைப் பனையும் கிளிப்பொந்தும்

வளவுக்குள் வட்டு, அதாவது ஓலைத் தலை, போன பனை ஒன்று நின்றால் "இது எதற்குச் சும்மா நிற்கிறது, தறித்துவிடலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தறிக்கமுதல் ஒருநாள் பின்னேரம் அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

பச்சைக்கிளிக்குக் கூடு கட்டத் தெரியாது. குச்சி பொறுக்காது, நார் பின்னாது, முட்டையிட அதற்குப் பொந்துதான் வேண்டும். வேம்பிலும் பாலை மரத்திலும் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி, நடுவில் இருக்கும். பனையில் வைரம் வெளியே, உள்ளே மெத்தென்ற சோற்றி. பனைக்குக் குருத்தும் ஒன்றே ஒன்றுதான் என்பதால், போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன மரங்கள் திரும்பத் துளிர்க்கவேயில்லை. அப்படிச் செத்த மரத்தில் மழைத்தண்ணீர் மேலிருந்து இறங்க இறங்க சோற்றி உக்கிப்போகும், வெளிவைரம் மட்டும் குழாய் மாதிரி வருடக்கணக்காக நிற்கும். மரங்கொத்தி அதில் துளை போட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுப் போன பிறகு, கிளி வந்து வாசலை அலகால் கடித்துக் கடித்து அகலமாக்கிக் குடியேறிவிடும்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாசி மாதம் அப்படியொரு பொந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் ஆரமில்லாத பேடு தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் சிவப்புமாய் ஆரம் போட்ட சேவல் பறந்து வந்து மரத்தைப் பற்றி, தலையை மேலும் கீழும் ஆட்டி, விழுங்கிய இரையைக் கக்கி அதன் வாயில் ஊட்டியது. அடைகாப்பது பேடுதான், ஏறக்குறைய மூன்று வாரம். குஞ்சு பறக்க இன்னும் ஏழு வாரம் ஆகும். அவ்வளவு நாளும் அந்த ஒரு பொந்துதான் எல்லாம்.

தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளியின் பாடு இதைவிட மோசம். வால் நுனிவரை அளந்தால் 58 சென்ரிமீற்றர் வரும் பறவை, அதற்குப் பொந்தும் பெரிதாக வேண்டும். உலக அளவில் அது அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. கூண்டுக்கென்று குஞ்சு பிடிப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். குஞ்சுக்காகப் பொந்தைக் கத்தியால் பிளந்துவிட்டால் அந்த வருடக் குஞ்சும் போச்சு, அடுத்த வருடம் வருகிற சோடிக்கு இடமும் போச்சு.

வயலில் கதிரைக் கொத்துகிறதே என்ற கோபம் எனக்கும் விளங்குகிறது. தகரம் தட்டிக் கலையுங்கள், பொந்தில் மட்டும் கைவைக்காதீர்கள். மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து தறித்தே ஆகவேண்டுமென்றால், உள்ளே குஞ்சுச் சத்தம் நின்று கிளிகள் பறந்து போகும்வரை பொறுங்கள்.