கீலேட்: நண்டிடம் கடன் வாங்கிய பெயர்

கன உலோகம் கலந்த மண்ணில் நாற்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்று படிக்கப் புகுந்தால் 'கீலேட்', 'கீலேஷன்', 'பைட்டோகீலேட்டின்' என்ற சொற்கள் வந்துகொண்டே இருக்கும். கேட்பதற்கு மருந்துப் பெயர் போலத் தோன்றினாலும், பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நண்டு.

கிரேக்க மொழியில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. ஒரு மூலக்கூறு ஓர் உலோக அயனியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் பற்றி, வளையமாகச் சுற்றிக்கொள்ளும் அமைப்புக்கு 1920இல் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் நழுவலாம். இரு பக்கமும் கவ்வினால் எளிதில் விடாது. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் நான்கு நைட்ரஜன் அணுக்களுக்கிடையே அகப்பட்டிருப்பதும் இதே பிடிதான்.

நாற்றுக்கு இந்தப் பிடி உயிர்ப் பிரச்சினை. காட்மியம் என்ற நச்சுக் கன உலோகம் தனக்கென்று வழி தேடுவதில்லை. துத்தநாகமும் மாங்கனீசும் நுழையும் வாசல்களிலேயே வேருக்குள் புகுந்துவிடுகிறது. அப்போது செல், தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் சிறு சங்கிலிகளைச் செய்கிறது. அவற்றின் கந்தக முனைகள் காட்மியத்தைக் கவ்வுகின்றன. பிடிபட்ட உலோகம் செல்லின் சேமிப்பறையான நுண்குமிழுக்குள் அடைபடுகிறது. இந்தச் சங்கிலிகளைச் சர்ப்பகந்தா என்ற மூலிகைச் செடியின் செல்களில் கண்டறிந்து 1985இல் அறிவித்த கிரில், வின்னாக்கர், ட்செங்க் மூவரும், தாவரத்தைக் குறிக்கும் 'பைட்டோ'வை முன்னே சேர்த்துப் பைட்டோகீலேட்டின் என்றார்கள். நாற்றுக்குக் கந்தகச் சத்து குறையக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கந்தகம் இல்லாமல் கொடுக்கை எதைக் கொண்டு செய்வது?

தமிழ் வேதியியல் பாடநூல்கள் கீலேஷனைக் 'கொடுக்கிணைப்பு' என்கின்றன. வேர்ச்சொல்லுக்கு நேர்மையான ஆக்கம். ஆனாலும் கொடுக்கு என்றதும் பலருக்குத் தேள்தான் நினைவுக்கு வரும். தேளின் கொடுக்கு கொட்டும், கவ்வாது. வினையையே பெயராக்கி, கீலேட் செய்யும் பொருளைக் 'கவ்வி' என்றும் பைட்டோகீலேட்டினைத் 'தாவரக் கவ்வி' என்றும் சொல்லலாம் என்பது என் விருப்பம். பாடநூலுக்குக் கொடுக்கிணைப்பே இருக்கட்டும். நாற்றங்காலில் நின்று பேசும்போது கவ்வி சட்டென்று புரியும்.

'கீலேட் இட்டால் நாற்று தப்பிக்கும்' என்று யாராவது சொன்னால் மட்டும் எச்சரிக்கை தேவை. செல்லுக்குள் உள்ள கவ்வி நஞ்சைச் சிறைப்பிடிக்கிறது. மண்ணில் இடும் ஈடிடிஏ (EDTA) போன்ற செயற்கைக் கவ்வியோ, மண் துகள்களில் ஒட்டிக் கிடக்கும் ஈயத்தைக் கரைத்து வேருக்கு எட்டச் செய்துவிடலாம். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றே இப்படிக் கரைத்து, உலோகத்தை உறிஞ்சிய செடிகளை அறுத்து அகற்றும் முறையும் உண்டு. இரும்புக் குறைக்கு விற்கும் கீலேட் உரமும் இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்து வேரிடம் சேர்க்கிறது. அங்கே கவ்வி சிறைக்காவலர் அல்ல, சுமைகூலி.