மூலையில் மூட்டை இருக்கு, பிள்ளைக்கு எடை ஏறவில்லை

போன வாரக் கிளினிக்கிலும் அதே கதைதான். ஒன்றரை வயதுப் பிள்ளை. மூன்று மாதமாகக் கொப்பியில் எடைக்கோடு மேலே ஏறவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவின் மூலையில் 25 கிலோ கோதுமை மா மூட்டை, பக்கத்தில் அரிசி, சீனி, பருப்பு. "சம்பளத்தன்னைக்கே மாசச் சாமான் எடுத்துட்டோம் மிஸ், ஒரு கொறையும் இல்ல" என்றார் அம்மா. பிள்ளைக்கு முட்டை கொடுக்கிறீங்களா என்று கேட்டேன். "கையில காசு இல்லையே மிஸ்." அன்று திகதி 14. சம்பளம் வந்து நாலு நாள்தான்.

மூட்டை கட்டி வைக்கிற மனசை நான் திட்டமாட்டேன். முன்பு தோட்டமே அரிசியும் மாவும் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மாதச் சாமான் என்ற பழக்கம் அங்கிருந்தே நம்மோடு வருகிறது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவைக் கண்ட பாட்டிமார் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். 2022இல் விலை ஏறிய வேகத்தைப் பார்த்த இளம் தாய்மாருக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. மூலையில் மூட்டை இருந்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும்.

ஆனால் சம்பளம் முழுவதையும் மாவிலும் அரிசியிலும் போட்டுவிட்டால், மிச்ச மூன்று வாரமும் ரொட்டி, சம்பல், தேத்தண்ணிதான். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப் பகுதிகளில் அது சுமார் 32 வீதம்.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் வேறு. "பூஞ்சணம் பிடிச்சா என்ன மிஸ், வெயில்ல போட்டா சரியாயிரும்." எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! சரியாகாது. கண்ணுக்குத் தெரியும் பச்சையும் கறுப்பும் பூஞ்சணத்தின் மேல்பக்கம் மட்டுமே. அதன் இழைகள் உள்ளே போயிருக்கும். வெயில் ஈரத்தை எடுக்கும், பூஞ்சணம் விட்டுப்போன நஞ்சை எடுக்காது. சலித்தாலும் போகாது, தட்டிவிட்டாலும் போகாது, கழுவினாலும் போகாது. ரொட்டிக் கல்லில் சுட்டால் செத்துவிடும் என்பார்கள். பூஞ்சணம் சாகலாம், நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அழியாது. நிலக்கடலையிலும் செத்தல் மிளகாயிலும் வருகிற அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சிறுபிள்ளைக்கு அது இன்னும் மோசம். வண்டு விழுந்த மா வேறு விஷயம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீங்க. பூஞ்சணம் கண்டதைக் கொட்டுங்க. கோழிக்கும் போடவேண்டாம்.

மாவைச் சீமெந்துத் தரையில் வைக்காதீங்க. ஆடி மாத மூடுபனியில் சுவரே வியர்க்கிற காம்பரா நம்முடையது. பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்க. எடுத்துப் பாவிக்கிற மாவை மூடி இறுகிய வாளியில் போடுங்க. உப்புப் பக்கெட்டை வெட்டி அடுப்பு மேட்டில் திறந்தபடி விட்டால் அதிலுள்ள அயடீன் குறைந்துபோகும், அதற்கும் ஒரு மூடி தேடுங்க. கடையில் பொதி எடுக்கும்போது முடிவுத் திகதியைப் பாருங்க. மலிவு என்று கட்டாகக் கொடுப்பதில் பாதி, திகதி நெருங்கியதாக இருக்கும்.

மூட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்ளலாமே. மிச்சம் பிடித்த காசை நாலு உறையில் போட்டு வைத்து, ஞாயிறு சந்தைக்கு ஒவ்வொன்றாக எடுங்க. முட்டை, நெத்தலி, வல்லாரை, ஒரு தேசிக்காய். கீரையும் தேசிக்காயும் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். கர்ப்பிணிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க. நாங்கள் தருகிற மருந்தைச் சாயம் பாதியிலேயே பிடித்துக்கொள்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் குடிக்கிற தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும்.

திரிபோஷா சத்துமா பிள்ளைக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் தருவது. அதை வீடு முழுக்கப் பங்கு போட்டால் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி மிஞ்சாது.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது, பிள்ளைக்கு முட்டை கொடுத்த நாட்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வாங்க. எடை போடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்ப்பேன்.