பெட் கிடைக்கும்வரை ட்ராலியில்: வயதானவரோடு முதல் ராத்திரி

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து ரெஃபர் சீட்டோடு ராத்திரியில் வேலூர் வந்து சேரும் 75 வயதுக்காரருக்கு, கூட்டமான நாளில் முதலில் கிடைப்பது கேஷுவாலிட்டி ட்ராலிதான். வார்டில் ஒருவருக்கு டிஸ்சார்ஜ் எழுதி, கணக்கு முடிந்து பெட் காலியாக மறுநாள் மத்தியானம்கூட ஆகலாம். ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன் எல்லாம் ட்ராலியிலேயே நடப்பதால், 'வைத்தியம்தான் ஆரம்பிச்சாச்சே' என்று கூட வந்தவர்கள் அசந்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்குப் பாதி கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது படுக்கைப்புண். ட்ராலி என்பது ஆளைத் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்த வண்டி. மெத்தை மெல்லிசு, மேலே ரெக்சின்; வியர்வை காயாது. மெலிந்த உடம்பில் வாலெலும்பும் குதிகாலும் அழுந்தி ரத்தம் போவது நின்றால், சில மணி நேரத்திலேயே உள்சதை கெட ஆரம்பிக்கும். புண் வெளியே தெரிவது இரண்டு மூன்று நாள் கழித்து; பழி மட்டும் வார்டு மேல் விழும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முதுகின் ஒரு பக்கம் தலையணையைச் செருகி 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்கால் அடியில் மடித்த போர்வையை வைத்தால் குதிகால் எங்கும் படாது. நம் நிறத்துக்குத் தோல் சிவப்பது சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: அக்கம்பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையம் வேண்டாம். சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு ரத்தம் வராமல் செய்துவிடும். இடுப்பிலோ கழுத்திலோ அடிபட்டவரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரட்டக் கூடாது.

ஸ்கேனுக்குத் தள்ளும்போது யூரின் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பது எங்கும் நடக்கிறது. பையில் தேங்கியது குழாய் வழியே திரும்பி உள்ளே போகும், கிருமியோடு. பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வந்தவரை ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்தால், அதை டூட்டி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். திடீரென்று வியர்த்து, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கவாதம் என்று வந்தவருக்கு, விழுங்குவதைச் சோதிக்கும்வரை ஒரு வாய் காபிகூடத் தராதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

ராத்திரி 2 மணிக்குப் பெரியவர் எழுந்து, "மாட்டை அவுத்து வுட்டது யாரு?" என்று டிரிப்ஸைப் பிடுங்கினால் புத்தி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கையைக் கட்டுவதோ தூக்க மாத்திரை கேட்பதோ கடைசி வழி. சிறுநீர் அடைத்து அடிவயிறு புடைத்திருக்கலாம். மலச்சிக்கல், வலி, உடம்பில் நீரோ உப்போ குறைவது, கிருமித் தொற்று, எதுவும் காரணமாகலாம். சிஸ்டரிடம் "நேத்துவரைக்கும் நல்லா பேசினார்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் டாக்டருக்குப் பெரிசு. தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மிஷினைப் போட்டுவிடுங்கள். ட்ராலியின் பக்கக் கம்பி தூக்கியிருக்கிறதா, சக்கர பிரேக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பியைத் தாண்டி இறங்கப் பார்ப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்; அதனால் கூட இருப்பவர் தூங்கப் போகும்போது வேறொருவரை உட்கார வைக்க வேண்டும்.

கடைசியில் பெட் வந்ததும் ஆளை இழுக்காதீர்கள், உரசியே தோல் கிழியும். விரிப்போடு நாலு பேர் தூக்குங்கள். காகிதத்தில் சுற்றித் தலையணை அடியில் வைத்த பல்செட்டை எடுத்தாச்சா பாருங்கள். அது குப்பையோடு போனால், அடுத்த மாசம் முழுக்க அவருக்குக் கஞ்சிதான்.