கூலன்ட் தானாகக் குறையாது

"அப்பப்போ கொஞ்சம் தண்ணி ஊத்திக்குவேன், மத்தபடி வண்டி நல்லாத்தான் ஓடுது." ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கார்களோடு பெரும்பாலும் இந்தப் பேச்சும் சேர்ந்தே வருகிறது. இன்ஜினைக் குளிர வைக்கும் அமைப்பு ஒரு மூடிய சுற்று. அதிலிருக்கும் கூலன்ட் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. சூட்டுக்கு ஏற்ப ரிசர்வ் டேங்கில் மட்டம் சற்று ஏறி இறங்கும், அவ்வளவுதான். மாதந்தோறும் ஊற்ற வேண்டியிருந்தால் வெளியே கசிகிறது, அல்லது சிலிண்டருக்குள் போகிறது. தண்ணீர் ஊற்றினால் மட்டம்தான் சரியாகும், பழுது அப்படியே இருக்கும்.

டெம்பரேச்சர் முள்ளை முழுதாக நம்ப வேண்டாம். பல கார்களில் இன்ஜின் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டி நகர்கிறது என்றாலே பிரச்சினை முற்றத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, கூலன்ட் மிகவும் குறைந்து சென்சாரைத் தொடாமல் போனால் முள் சரியான சூட்டைக் காட்டாது, கீழேகூட இறங்கும். ஹீட்டரில் திடீரெனக் குளிர்ந்த காற்று வந்தால், முள் எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

சூடாகிறது என்று வண்டி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பது. பாதி நோயை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டால் சற்று நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்துவிட்டு, ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டாரில் குறையில்லை. ரிலே, சென்சார், ஒயரிங் எதிலோ கோளாறு. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும், விரல் பத்திரம். ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் சூடு இறங்கவில்லையா? ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் சூடானால் ஃபேனைக் குற்றம் சொல்லாதீர்கள். அப்போது வேண்டிய காற்று எதிரிலிருந்தே வருகிறது; ஓட்டம் குறைந்திருப்பது கூலன்டுக்குத்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் முகத்தை அளந்து பாருங்கள். ஒரு பகுதி மட்டும் தனியாகக் குளிர்ந்திருந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது. உதவிக்கு ஒருவரை வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லி, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்பின் உறிஞ்சலில் அது ஒட்டிப்போனால் ஹோஸை மாற்ற வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் காய்ந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல், உள்ளே கூலன்டைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் அரித்துப்போயிருக்கவும் கூடும்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடேறி, மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். பாத்திரத்தின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். அதில் பொறித்திருக்கும் சூட்டில், உதாரணமாக 82 அல்லது 88 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் தவறு, கேடும்கூட. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது. இன்ஜினின் கணினி கூடுதல் எரிபொருளைத் தள்ளும். ஆயிலில் கசடு சேரும். பல கார்களில் பி 0128 என்ற பிழைக் குறியும் விழும்.

யாரும் கண்டுகொள்ளாத பாகம் ரேடியேட்டர் மூடி. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குள் சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தக் கூடுதல் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மூடியில் உள்ள சிறிய வால்வு சிக்கிக்கொண்டால், இன்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கியும் வெளியே சொட்டு இல்லை என்றால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரை (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) சந்தேகியுங்கள். காருக்குள் இனிப்பு வாடையும் ஈரக் கார்ப்பெட்டும் அதற்கு அடையாளம். அதுவும் இல்லையா? ஹெட் கேஸ்கெட். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடேறும் முன்பே ஹோஸ்கள் விறைப்பதும், ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வருவதும் அழுத்தமான அறிகுறிகள். உறுதிசெய்ய நீல நிறச் சோதனைத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மை தெரிந்தால் உடனே ஹெட்டைக் கழற்றிவிட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது வெறும் நீராவிப் படிவாகவும் இருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால்தான் கவலை.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் வண்டி மறுபடியும் அதே குறையோடு வரும். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருக்கும். நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை சரி என்பது அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றிய அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. டிகிரிக் கணக்கில் முறுக்க வேண்டிய ஹெட் போல்ட்டுகளை மறுபடி போட வேண்டாமென்று கையேடு சொன்னால், புதிது வாங்கத்தான் வேண்டும்.

கசிவை அடைக்கும் பொடியை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, மெல்லிய ரேடியேட்டர் டியூபையும் ஹீட்டர் கோரையும் அது அடைத்துவிடும்.

புதிதாக நிரப்பும்போது நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் வெறும் சாயம். கையேட்டில் எழுதியுள்ள வகைதான் கணக்கு. அடர்கூலன்ட் பாதி, தாது நீக்கிய தண்ணீர் பாதி. குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து டியூபை அடைக்கும். இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. 6 லிட்டர் கொள்ளும் அமைப்பைத் தண்ணீரால் அலசிவிட்டு வடித்தால் 4 லிட்டர்தான் வெளியே வரும் என்று வையுங்கள். மிச்சம் 2 லிட்டர் தண்ணீர் பிளாக்குக்குள்ளேயே நிற்கிறது. அதில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். முதலில் 3 லிட்டர் அடர்கூலன்ட், பிறகு 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சரியாக வரும்.

காற்று அடைபடாமல் இருக்க, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் அதைத் திறந்து, குமிழில்லாமல் கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன் இருமுறை சுற்றி நிற்கும் வரை ஐடிலிங்கில் விடுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில் மட்டத்தை மறுபடி பாருங்கள். சற்று இறங்கியிருப்பது இயல்பு.

வழியில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இன்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள்; அதன் பிறகும் மேல் ஹோஸ் விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். அழுத்தம் இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். காய்ந்துபோன சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட்டிலேயே விரிசல் விழக்கூடும்.

வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடுவார்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, கழிவு ஆயில் எடுப்பவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.